மூன்று முறை துவைத்த கொசுவலை

சென்னையில் கட்டட வேலைக்குப் போன என் கணவர் மலேரியாவோடு நெம்மேலிக்குத் திரும்பிய மாதம், நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு நீலக் கொசுவலை கொண்டுவந்தார். "நூல்லயே மருந்து கீது. கொழந்தைய இதுக்குள்ள படுக்க வையி" என்றார். தெருவில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் என்று உறுத்தியது.

மகளுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பாள். வலை கட்டிய மறுநாள் காலை, அதன் அடியில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது. கரப்பானைக் கொல்வது பிள்ளையை விட்டுவிடுமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

"சும்மா குடுக்கறாங்கன்னா இன்னாவோ கீது. நம்ம மேல வச்சி டெஸ்ட் பண்றாங்களோ" என்றாள்.

அன்றே வலையைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயப்போட்டேன். மூன்று நாள் தினமும் இதையே செய்தேன். மருந்து வாசனை போன பிறகுதான் மகளை அதற்குள் படுக்கவைத்தேன். தூக்கத்தில் வலையோடு ஒட்டிய அவள் கையைக் கொசு வெளியிலிருந்தே கடித்தது.

சில வாரத்தில் அவளுக்குக் குளிர் ஜுரம். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா. மாத்திரையோடு வந்த நர்ஸம்மா, வெளுத்த வலையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எத்தினி வாட்டி தொவச்ச?"

"மூணு வாட்டி."

அவர் திட்டவில்லை. "சோப்புலயும் வெயில்லயும் மருந்து போச்சு. இப்ப இது வெறும் வலை."

"உங்க கொழந்தைய மருந்து வலைல படுக்க வெப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எம் பையன் அதுலதான் தூங்கறான்."

நான் நம்பவில்லை. மகளுக்கு ஜுரம் விட்டு, மாத்திரைகளும் முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு மதியம் சொல்லாமல் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். வாழைப்பழத்தை நீட்டி, நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னேன். கண் மட்டும் உள்ளே துழாவியது. அவருடைய பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மேலே அதே நீல வலை. ஓரத்தில் ஒரு கிழிசலைத் தைத்திருந்தார்கள்.

"உள்ள போய்த் தொட்டுப் பாரு. அதுக்குத்தானே வந்த?" என்றார்.

கூசிப்போனேன். ஆனாலும் போய் முகர்ந்து பார்த்தேன். அதே மருந்து வாசனை.

புது வலை ஒன்று கொடுத்தார். "ஒரு நாள் நெழல்ல தொங்கவுட்டு அப்பறம் கட்டு. ஓரத்த பாய்க்கு அடியில செருகிடு, வாய்க்கு எட்டாது."

அப்படியே செய்தேன். முதல் வாரம் முழுக்க, காலையில் மகள் எழுந்ததும் அவள் வாயையும் தோலையும் சோதித்தேன். ஒன்றுமில்லை. அந்த ஜுரமும் அவளுக்குத் திரும்ப வரவில்லை.