மூன்று மொழிக்காரருக்கு ஒரு பொங்கல் படம்

எங்கள் அண்ணனின் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை மத்திகிரிக் கொட்டகைக்காரராகத் தெரியும். அந்தக் கொட்டகை ஒரு மாலையில் கைவிட்டுப் போக இருந்தது. அதை அவர் காத்த விதத்தை எழுதி வைப்பது என் கடமை.

அண்ணன் பாகலூரை அடுத்த சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. சந்தைகளில் கடலை விற்றபோது கன்னடமும் தெலுங்கும் தாமாக வந்து சேர்ந்தன. ஓசூரில் படம் ஓட்டக் கற்று, பிறகு தாமே ஒரு டூரிங் கொட்டகை போட்டார். அதன் வருமானத்தில்தான் நான் இந்த ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதில் எனக்கு இருக்கும் பெருமையைவிட அவருக்கு இருந்த பெருமை அதிகம்.

எங்கள் பக்கத்தில் பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள். மூன்று மொழிக்காரரும் அன்று படத்துக்கு வருவார்கள். எந்த மொழிப் படம் போடுவது என்பது அண்ணனுக்கு ஆண்டுதோறும் தலைவலி. சென்ற பொங்கலுக்குத் தமிழ்ப் படம் வரவழைத்தார். எங்கள் மாமா மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போய், வழக்கம்போல அந்தந்த ஊரில் அந்த ஊர்ப் பேச்சிலேயே அழைத்தார். கன்னடத்தில் அழைத்தால் கன்னடப் படம் என்று நினைப்பார்கள் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

மாலைக் காட்சிக்குக் கொட்டகை நிரம்பியது. திரையில் தமிழ் கேட்டதும் பின்பக்கம் இரைச்சல் எழுந்தது. ஆட்சி மாறியும் மொழிப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம் அது. அடிதடி என்று புகார் போனால் லைசென்ஸ் போய்விடும். எங்கள் சோறும் என் படிப்பும் அதோடு போகும். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நான் கட்டை மூடிவிட்டு உள்ளே வந்தேன்.

“எங்க ஊர்ல கன்னடத்துல கூப்புட்டுட்டு, இங்க தமிழ்ப் படமா? ஏமாத்தறதுக்கு நாங்கதான் கெடச்சமா?” என்று கன்னடத்தில் கேட்டார் பாகலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர்.

முன்வரிசையிலிருந்து உள்ளூர் இளைஞன் ஒருவன் எழுந்தான். “புடிக்கலன்னா கெளம்புய்யா. உன் மாடு வெளிய காத்துக்கினு இருக்குது.”

“மாட்டப் பத்தி நீ பேசறியா?” விவசாயி தடுப்புத் தட்டியிலிருந்து ஒரு மூங்கிலை உருவிவிட்டார்.

அண்ணன் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டுத் திரை முன்னால் வந்து நின்றார். மூன்று மொழியிலும் பேசினார்.

“தப்பு என்னுதுதான். இருக்கறது ஒரே மிஷினு, ரீல் மாத்த பாகத்துக்குப் பாகம் நிக்கும். நிக்கறப்பல்லாம் வந்து, அடுத்த பாகத்துக் கதைய கன்னடத்துலயும் தெலுங்குலயும் சொல்றேன். போறவங்க போகலாம், கோவிச்சுக்க மாட்டேன்.”

“கதைய நீயே சொல்லிட்டா படம் எதுக்குண்ணா?” என்றான் அந்த இளைஞன். யாரும் சிரிக்கவில்லை. மூங்கில் தாழவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஓர் அம்மா கன்னடத்தில், “கூத்கொள்ளி. அவரு ஹேளலி, கேளோண,” என்றார். உட்காருங்கள், அவர் சொல்லட்டும், கேட்போம் என்று பொருள். சொன்னவர் முதலில் தாமே உட்கார்ந்தார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கடைசியாக அந்த விவசாயியும், மூங்கிலை மடியில் வைத்துக்கொண்டு.

ஒவ்வொரு பாகம் முடியும்போதும் நான் அந்த மடியையே பார்த்தேன். அண்ணனோ கதைக்குள் போய்விட்டார். வில்லனைத் தெலுங்கில் திட்டினார். கதாநாயகியின் தாய் சாகப்போவதைக் குரலைத் தாழ்த்தி மெல்லச் சொன்னார்.

“வில்லன் கடைசில சாவறானா இல்லியா, அத மொதல்ல சொல்லு,” என்றார் விவசாயி.

“அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

அதற்குத்தான் முதல் சிரிப்பு வந்தது. முன்வரிசையிலும் பின்பக்கத்திலும் வந்தது. படம் முழுவதும் ஓடியது. புகார் எதுவும் போகவில்லை. அண்ணனுக்கு ஒரு வாரம் குரல் வரவில்லை.

இந்தக் கார்த்திகையில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. படுக்கையிலும் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற அண்டை வீட்டாருக்கும், இரவு பகலாகத் துணையிருந்த மாமாவுக்கும், இன்று வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அன்று முதலில் உட்கார்ந்த அந்த அம்மாவின் பெயரோ ஊரோ எங்களுக்குத் தெரியாது; பாகலூர்ப் பக்கத்துக் கூட்டத்தோடு வந்தவர் என்பது மட்டும் தெரியும். அவர் உட்காராமல் நின்றிருந்தால் என் படிப்பு அன்றோடு நின்றிருக்கும். தமிழில் உள்ள இந்த மலரை அவரால் படிக்க முடியாது. அன்று கொட்டகையில் இருந்தவர்கள் யாராவது பாகலூர்ப் பக்கம் போய் அவரைக் கண்டால், எங்கள் நன்றியை அவருடைய மொழியிலேயே சொல்லிவிடுங்கள்.