ஐந்து பச்சைப் புள்ளிகள்

ஒரே கருவியிலிருந்து ஐந்து செயலிகளைக் கிளப்பிவிட்ட அன்று ஆபீஸில் எனக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு யாராவது ஜாங்கிரி நீட்டினால் நான் எடுப்பதில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பெயின்டுக்கு வேண்டிய ரசாயனம் தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்கு லீவு என்று பார்ப்பது என் வேலை. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பி.காம். ஆனால் "உன்னால் முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது. சென்னையிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர் ஒருவர், வருகைப் பதிவையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆறு மாதம் ஆகும், இதெல்லாம் மேடத்துக்குப் புரியாது என்று என்னை வைத்துக்கொண்டே எங்கள் மேனேஜரிடம் சொன்னார். அன்று மாலையே மீஞ்சூருக்குத் திரும்பும் ரயிலில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு வீடியோவில்தான் அந்தக் கருவி கண்ணில் பட்டது. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டுவைத்த திறந்தமூலக் கருவி அது. ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். வேண்டிய செயலியைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து 'தொடங்கு' என்று அழுத்தினால், அது தானே இறங்கி, தானே பொருத்திக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அந்தப் பச்சைப் புள்ளி மேல் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது.

முதலில் கேட் வருகை. அடுத்தது கேன்டீன் டோக்கன். விவரம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துத் தொலைத்தேன். மறுநாள் காலை செக்யூரிட்டி கேட்டில் திரையைத் திறந்தால், வருகைப் பதிவுக்குப் பதில் சாப்பாட்டு மெனு வந்து நிற்கிறது. கடமை தவறாத மனிதர். உள்ளே வந்த லாரி டிரைவரிடம், "சாம்பார் சாதமா, தயிர் சாதமா?" என்று கேட்டிருக்கிறார். டிரைவரும் தயிர் சாதம் என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே விட்டார்.

அதை எப்படியோ சரிசெய்தேன். எப்படிச் சரியானது என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. பிறகு பஸ் ரூட், அரைநாள் அனுமதி, ஷூ ஹெல்மெட் இருப்பு என்று வரிசையாகக் கிளப்பினேன். ஐந்து பச்சைப் புள்ளிகள். ஜாங்கிரி.

எங்கள் ஆலையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியான அக்கா ஒருவர் சோழவரத்துப் பக்கத்திலிருந்து வருவார். காலையில் கேட்டுக்குப் பக்கத்து ரேக்கில் வீட்டுச் செருப்பை விட்டுவிட்டு சேஃப்டி ஷூ மாட்டிக்கொண்டு உள்ளே போவார். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த ரேக். அவருடைய செருப்புக்கு நீல வார், ஒன்றில் ஊக்கு குத்தியிருக்கும். செயலிகள் எல்லார் போனுக்கும் வந்த பிறகு ஒருநாள் அவர் போனை நீட்டியபடி என் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா மேடம் இது, சோறு துன்ன ஒண்ணு, ஊட்டுக்குப் போவ ஒண்ணு, பஸ்ஸுக்கு ஒண்ணு. எதுல எதை அமுக்கறதுன்னே தெரில. ஒரே பேஜாரா கீது."

"எல்லாம் ஒரே எடத்துலேர்ந்துதாங்க்கா ஓடுது. ஒண்ணுல சொன்னா எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும்" என்றேன்.

இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒருத்திக்குத் தெரிந்த சங்கதி, கும்மிடிப்பூண்டி வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். ஒரே கம்ப்யூட்டரில் குடியிருக்கிற ஐந்தும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவை ஐந்தும் ஒரே காம்பவுண்டில் வருஷக்கணக்காக இருந்தும் முகம் பார்த்துப் பேசாத குடித்தனக்காரர்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணி இருக்கும், சைரன் அடித்தது. ஒத்திகை என்றுதான் முதலில் நினைத்தோம். ஓடிவந்தவர்கள் இருமிக்கொண்டே வந்ததும் நிஜம் என்று புரிந்தது. ஆசிட் டேங்க்கில் ஒரு வால்வு விட்டுப்போய், டேங்க் இருக்கும் பகுதி முழுக்க வெள்ளைப் புகை. எல்லாரும் லாரி நிற்கும் மைதானத்தில் கூடினோம். ஒப்பந்த சூப்பர்வைசர் தன் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அக்காவின் பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பெருக்குகிற இடம் அந்த டேங்க்குகளின் பக்கம்தான்.

எங்கள் சேஃப்டி ஆபீசர் பழவேற்காட்டிலிருந்து பைக்கில் வருகிறவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அவங்க உள்ள கீறாங்களா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லு."

என் கையில் லேப்டாப். கேட் செயலியைப் பார்த்தேன்: 'உள்ளே'. அரைநாள் அனுமதியைப் பார்த்தேன்: மதியம் ஒரு மணியிலிருந்து அனுமதி. ஒப்பந்த சூப்பர்வைசரைக் கேட்டால், "அப்ரூவ் பண்ணேன், போனாங்களான்னு தெரில. சில நாள் வாங்கினு போவாம வேலை செஞ்சிக்கினே இருப்பாங்க" என்கிறார். கேன்டீனில் டோக்கன் எடுக்கவில்லை, ஆனால் பாதி நாள் அவர் வீட்டிலிருந்துதான் சோறு கொண்டுவருவார். சாயங்கால பஸ்ஸில் அவருக்கு சீட் அப்படியே இருந்தது. ஐந்தாவது, அவருக்கு ஐந்தாம் நம்பர் ஷூ கொடுத்திருப்பதாகச் சொன்னது. அக்காவின் போன் ஸ்விட்ச் ஆஃப். முதல் ஷிப்ட் செக்யூரிட்டி இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார், அவரும் போனை எடுக்கவில்லை. ஐந்து புள்ளிகளும் பச்சையாகத்தான் எரிந்தன. உள்ளே என்று சொன்னால் ஒரு மனிதரை அந்தப் புகைக்குள் அனுப்புகிறேன். இல்லை என்று சொன்னால் ஒரு பெண்ணை அதற்குள் விட்டுவிடுகிறேன்.

"தெரியல பாய்" என்றேன்.

அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் போய் இரண்டு நிமிடம்கூட இருக்காது, முதல் ஷிப்ட் செக்யூரிட்டி ரயிலிலிருந்து திரும்ப அழைத்தார். "அந்தம்மா ஒரு மணிக்கே போயிட்டாங்களே. பொண்ணுக்கு ஜொரம்னாங்க. போன்ல பச்சை டிக் காட்டினாங்க, கேட்டைத் தொறந்து உட்டேன். அதுலயே டிக் கீதே, நான் வேற இன்னாத்துக்கு அமுக்கணும்னு உட்டுட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு நான் கத்தினேன். மேனேஜர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார், பதில் இல்லை. திரும்பி வரச் சொல்லும் அடையாளமாகச் சைரனை விட்டு விட்டு அடிக்கச் சொன்னார். யாருமே இல்லாத இடத்தில் பாய் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காத்திருப்பை நான் பார்த்ததில்லை. அவர் வெளியே வந்தபோது மாஸ்க்கின் ஓரமாகக் கழுத்து சிவந்து வெந்திருந்தது. மண்டிபோட்டு இருமினார். நான் எல்லார் எதிரிலும் ஓவென்று அழுதேன்.

திரும்பி டைம் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரேக்கில் ஐந்தாம் நம்பர் ஷூ இருந்தது. நீல வார் செருப்பு இல்லை. பத்தடி தூரம். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நர்சிங் ஹோமில் பாயைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, நான் யார் என்று தெரிந்ததும் அவரைப் பார்த்துக் கேட்டார்: "ஆளே இல்லாத எடத்துக்கா போனீங்க?" என்னைக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாய் கரகரத்த குரலில், "அழாத தங்கச்சி. நீ தெரியலன்ன, அதான் போனேன். இல்லன்னு வாய்க்கு வந்தத சொல்லி, அவங்க உள்ள இருந்தா நான் இன்னா பண்றது?" என்றார்.

அதற்கடுத்த நாள் அக்கா வேலைக்கு வந்தார். நடந்ததெல்லாம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் அமுக்கிட்டுத்தான் போனேன் மேடம். நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணுல சொன்னா எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும்னு."

அவர் குற்றம் சொல்லவில்லை. தான் செய்தது சரிதானா என்று என்னிடம் கேட்டார். சரிதான்க்கா, தப்பு என்னுது என்றேன்.

பிறகு அரைநாள் அனுமதியையும் கேட் வருகையையும் ஒன்றோடொன்று பேச வைத்தேன். அந்தக் கருவியைச் செய்தவர்களின் இணையப் பொதுமன்றத்தில் என் அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதற்கு, எந்த நாட்டுக்காரரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பாதி புரிந்தது. அந்தப் பாதியை நம்பி இன்னொரு முறை ஒரு மனிதரை உள்ளே அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் கேட் திரையில் 'உள்ளே', 'வெளியே' என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: 'தெரியவில்லை'. செயலிகள் ஆளுக்கொன்று சொன்னால் பெயர் அதற்குள் போய் விழும்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "ஏம்மா, ரிப்போர்ட்ல தெரியவில்லைன்னு போனா ஆடிட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? எடுத்துடு" என்றார். சரி சார் என்றேன். எடுக்கவில்லை.

போன மாதம் ஒத்திகை நடந்தது. சைரன் அடித்து எல்லாரும் மைதானத்தில் கூடியதும் லேப்டாப்பைத் திறந்தேன். 'தெரியவில்லை'யில் ஒரே ஒரு பெயர், அக்காவுடையது. அரைநாள் அனுமதி வாங்கியிருந்தார், கேட்டில் 'வெளியே' என்று பதிவாகவில்லை. பாய் சிலிண்டரோடு என் முன்னால் வந்து நின்றார். கழுத்தில் அந்தத் தழும்பு.

லேப்டாப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு ரேக்குக்கு ஓடினேன். ஊக்கு குத்திய நீல வார் செருப்பு அங்கே இருந்தது.

"உள்ளதான் இருக்காங்க பாய்" என்றேன். அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்.