மூன்றாவது வளைவு

போன கிழமை நான் வேலை செய்யும் டைல்ஸ் கடைக்கு முன்னால் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. முன்விளக்கு உடைந்து, கண்ணாடி கொட்டாமல் இருக்கக் கறுப்பு ஒட்டு ரேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருந்தார்கள். புத்தளத்து வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாரதி உள்ளே வந்து சாமான் பார்ப்பதற்குள் அந்தப் பசை உருகி மணக்கத் தொடங்கிவிட்டது. சூடான றப்பரில் மண்ணெண்ணெய் தெளித்தது போல ஒரு மணம். குசினிக்கு டைல்ஸ் கேட்ட மனிசனுக்கு நான் மலசலகூடத்து டைல்ஸை எடுத்து நீட்டினேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அது எனக்கு நஸ்மியின் மணம். அவன் தில்லையடியில் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவன். தலைமுறை தலைமுறையாகப் புத்தளத்துக்காரன். நான் தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்து இறங்கியவன். யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருசம் ஆகியிருந்த காலம் அது. நஸ்மியிடம் இருநூற்றைம்பது சீசீ ஜப்பான் வண்டி ஒன்று இருந்தது. அதைத் தங்கச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தான்; ஒருவருக்கும் இரவல் கொடுக்கமாட்டான்.

ஒரு நாள் வந்து, “மச்சான், ட்ராக் டேக்குப் பேர் குடுத்திட்டன்” என்றான். கொழும்புப் பக்கத்துக் கிளப் ஒன்று பந்தயத் திடலை ஒரு நாளைக்கு எடுத்து, ஆசைப்பட்டவர்களை ஓடவிடுமாம். பந்தயமும் இல்லை, கோப்பையும் இல்லை.

“கோப்பையும் இல்லாட்டி என்னத்துக்கு ஓடுற?”

“எதிர்ல லொறி வராத றோட்டுல ஒரு தரமாவது ஓடிப் பாக்கணும்.”

லொறி வராத றோட்டு ஒன்று என் கையில் இருந்தது. அதில் ஓடிப் பழகக் கேட்டுத்தான் அவன் வந்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. விசயங்கள் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கும்.

குறிஞ்சிப்பிட்டி தாண்டிக் கடல் பக்கமாகப் போனால் பெரிய மணற்காணி ஒன்று. யுத்தம் முடிந்ததும் உல்லாசப் பயணிகள் வந்து குவியப்போகிறார்கள் என்று ஒரு கொம்பனி அங்கே விடுமுறை வீடுகள் கட்ட வந்தது. நான் அதன் களஞ்சியக்காரன். வட்டமாகச் சுற்றி வரும் தார் றோட்டைப் போட்டார்கள்; நாலு வளைவு. வீடு வரவேண்டிய இடங்களில் இலக்கக் கல் நட்டார்கள். விளக்குக் கம்பங்களையும் நிறுத்தினார்கள். பிறகு ஒரு நாள் எல்லாரும் போய்விட்டார்கள். முப்பத்தொன்றாம் இலக்க வீடு இருந்தது, வீடுதான் இல்லை. பல்ப் இல்லாத கம்பங்களின் துளைகளில் காற்று புகுந்து, யாரோ உதட்டைக் குவித்து ஊதுவது போலப் பகல் முழுக்கச் சத்தம் வரும். சாவியும் நானும் மட்டும் மிஞ்சினோம். அப்புறம் கழுதைகள். எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. குளிர் காலையில் தாரின் சூட்டுக்காக அவை றோட்டில் வரிசையாக நிற்கும். மூன்றாவது வளைவில் மட்டும் ஒன்றுகூட நிற்காது. அங்கே கடற்காற்று அதிகம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

களஞ்சிய அறையில் வைத்துத்தான் நஸ்மி வண்டியைக் கழற்றினான். பக்கக் கண்ணாடிகள், சிக்னல் விளக்குகள், இலக்கத்தகடு, ஹோர்ன், பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கம்பி, நிறுத்தும் கால் எல்லாம் கழன்று வந்தன. நான் ஒவ்வொன்றையும் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினேன், பழக்க தோசம். றேடியேற்றரில் இருந்த பச்சை நிறக் கூலன்ற் திரவத்தை வடித்துவிட்டு வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினான். எண்ணெய் வடிக்கும் ஆணியின் தலையில் ஊசித் துளை போட்டு, கழன்று விழாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டினான். முன்விளக்குக்கு ரேப் ஒட்டினான்.

“இவ்வளவும் நீ விழாம இருக்கவா?”

“இல்ல மச்சான். நான் விழுந்தா எனக்குப் பின்னால வாறவன் விழாம இருக்க. கூலன்ற் கொட்டினா வழுக்கும், கண்ணாடி கொட்டினா கிழிக்கும்.”

பின்னால் வருகிறவனுக்காக இவ்வளவு கவலைப்பட்டு ஒரு பொருளை உரிக்கும் வேலையை நான் அதுவரை கண்டதில்லை. உரித்து முடித்ததும் அது வண்டி மாதிரியே இல்லை. கண் கட்டிய ஒரு மிருகம் நிற்பது போல இருந்தது.

சுபஹுத் தொழுதுவிட்டு விடியலில் வருவான். கடலிலிருந்து இரவெல்லாம் மணல் ஏறி றோட்டில் படிந்திருக்கும். அதில் வண்டிச் சில்லு பட்டால் வழுக்கி ஆள் முடிந்தான். ஆகவே ஈர்க்கில் கட்டால் இருவரும் கூட்டிக்கொண்டு போவோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மூன்றாவது வளைவுக்கு வந்தபோது அது ஏற்கெனவே கூட்டியிருந்தது. தாரில் ஒரு மணல் இல்லை. ஓரத்து மணலில் ஈர்க்கிலின் வரிகள் பிறை பிறையாக விழுந்திருந்தன. கால் தடம் இல்லை.

“நேத்துப் பின்னேரமே கூட்டிட்டியா?” என்றான் நஸ்மி.

“நீதானே முந்தி வந்த?”

இருவரும் சிரித்தோம். அடுத்த நாளும் அப்படியே இருந்தது. மற்ற மூன்று வளைவுகளிலும் கணுக்கால் அளவு மணல். அங்கே மட்டும் பெருநாள் காலை முற்றம் போலத் துப்புரவு. பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. கூட்டுகிற வேலை குறைந்ததே என்பது போல நடந்துகொண்டோம்.

நான் தண்ணீர்த் தாங்கிக்கான சீமெந்து மேடையில் ஏறி நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் பார்ப்பேன். மற்ற வளைவுகளில் நஸ்மி முழங்கால் தாரில் உரசுகிற மாதிரிச் சரிவான். மூன்றாவது வளைவுக்கு முன்னால் மட்டும் ஒவ்வொரு தரமும் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று இறங்கும்.

“என்ன, அங்க பயமா?”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. “அங்க ஆரையாச்சும் வேலைக்கு வெச்சிருக்கியா? ஒரு பொம்புள. முதுகு காட்டி, குனிஞ்சு நிக்கிறா. பக்கத்துல போனா இல்ல.”

மேடையிலிருந்து அந்த வளைவு முழுதும் எனக்குத் தெரியும். நான் ஒருவரையும் காணவில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. காற்று நின்றிருந்தும் என் கைமயிர் எழும்பியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவன் விழுந்தான். முன் பிறேக்கை ஒரேயடியாகப் பிடித்திருக்கிறான். வண்டி தனியாக, அவன் தனியாகத் தாரில் வழுக்கிப் போனதை நான் மேடையில் நின்று கண்டேன். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது போல இருந்தது. ஓடிப்போனபோது ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தான். காறை எலும்பு முறிந்திருந்தது. முகம் சுண்ணாம்பு.

“அந்தப் பொம்புளைக்கு ஒண்டும் ஆகல்லயே?” அதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை.

அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். உம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தா. நடந்ததைச் சொன்னேன்.

“எந்த இடத்துல?”

“கடல் பக்கமா, ரெண்டு உடை முள்ளு மரம் நிண்டிச்சே, அங்க.”

உம்மாவின் கை நின்றது. “அது பிள்ளையள்ற மையவாடியடா மகன். அகதிக் காம்புல இருந்த முதல் மாரி, றோட்டெல்லாம் தண்ணி. ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போக ஏலாம, மௌத்தான சின்னதுகளை அங்கதானே அடக்கின. ராஹிலாட பிள்ளையும் அங்கதான். அவ தெனம் விடிய ஈர்க்கிலால கூட்டுவாளே, உனக்கு நெனவில்லையா?”

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மறந்து போய்ச் சொல்லாமல் விடவில்லை, தள்ளிப்போட்டேன். எனக்கு நினைவிருந்தது. அந்தக் காணியில்தான் எங்கள் அகதி முகாம் இருந்தது. ஓலைக் கொட்டிலில் நான் வளர்ந்ததும் அங்கேதான். றோட்டுப் போட அளக்க வந்த சிங்கள ஐயா, உடை மரத்தடியில் வரிசையாகக் கிடந்த சின்னக் கடல் முருகைக் கற்களைக் காட்டி, இங்கே ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை. “மொகுத் நே சேர்” என்றேன். ஒன்றுமில்லை. வேறு பாசையில் பொய் சொல்வது எவ்வளவு லேசு என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். பின்னேரம் இயந்திரம் வந்து கற்களைத் தள்ளிக்கொண்டு போனது. நான் களஞ்சியத்துக்குள் சீமெந்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராஹிலா மாமி பள்ளிவாசல்துறையில் மகளோடு இருந்தா. ஒரு கால் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் நடந்தா. தேடிப் போய், அவவுக்கு முன்னால் நிலத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். அளக்க வந்தவருக்கு நான் சொன்ன பதிலையும் சேர்த்து. ஏசுவா என்று நினைத்தேன்.

“தார் போட்ட நாளையில இருந்து நான் அங்கால வரல்ல மகன். தாருக்கு மேல எந்த இடமெண்டு கூட்டுற?” என்றா. பிறகு, “அப்ப ஆரு கூட்டுற?” என்றா.

பயந்து கேட்டது போல இல்லை. தான் இல்லாத நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு தாய் கேட்பது போலக் கேட்டா.

அடுத்த நாள் அவவை அழைத்துப்போனேன். கட்டுப்போட்ட கையோடு நஸ்மியும் வந்தான். மாமி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகிற தாரில் நடந்தா. வளைவின் உள்பக்கம் ஓரிடத்தில் நின்று, “இஞ்ச” என்றா. மரமும் இல்லை, அடையாளமும் இல்லை. ஏழு இடங்களைக் காட்டினா. நான் அலவாங்குக் கம்பியால் தாரை உடைத்தேன். காவல் காக்கும்படி என்னிடம் விட்டுப்போன ஒரே சாமான் அந்த றோட்டுத்தான். வேலை போகும் என்று தெரிந்துதான் உடைத்தேன். நஸ்மி ஒற்றைக் கையால் பாளம் பாளமாகத் தூக்கி எறிந்தான். தன் ஒரே பந்தயத் திடலை உடைக்கிறான் என்று அவனுக்கும் தெரியும். தாருக்குக் கீழே போட்ட கருங்கல் போய் வெள்ளை மணல் தெரிந்ததும் நிறுத்தினோம். கரையிலிருந்து முருகைக்கல் கொண்டுவந்து ஏழு வைத்தோம்.

மாமி தன் பிள்ளையின் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினா. “பொறந்து அஞ்சாம் நாள் போனது. ஏழாம் நாள் வைக்கிறதுக்கு ஒரு பேரு நெனச்சு வெச்சிருந்தன். ஒருத்தருக்கும் சொல்லல்ல” என்றுவிட்டு அந்தப் பெயரைச் சொன்னா. மெல்லத்தான் சொன்னா. கம்பங்களுக்குள் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியப் போய்ப் பார்த்தேன். மற்ற இடங்களைப் போலவே மூன்றாவது வளைவிலும் மணல் ஏறிக் கிடந்தது.

ட்ராக் டே நஸ்மி இல்லாமலே நடந்து முடிந்தது. கண்ணாடி, ஹோர்ன் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி வண்டியை விற்றான். இப்போது கட்டாரில் இருக்கிறான். எனக்கு வேலை போனது. காணி கைமாறி, மதில் எழும்பி, உள்ளே இறால் பண்ணை வந்துவிட்டது. கேற்றுக்கு வெளியே நின்று பார்த்தால் சதுரம் சதுரமாகத் தண்ணீர் மட்டும் தெரிகிறது. றோட்டு எந்தப் பக்கம் வளைந்து போனது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ராஹிலா மாமி மௌத்தாகி நாலு வருசம். அவவின் மகளிடம் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். “அந்தப் பிள்ளையப் பத்தி உம்மா எங்களோட கதைச்சதே இல்ல” என்றா.

ரேப் மணத்த அன்று பின்னேரம் நஸ்மிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“மாமி அண்டைக்குச் சொன்ன பேரு என்ன?”

“நீதானே பக்கத்துல நிண்ட. உனக்குத் தெரியுமெண்டு நான் இருந்தன்.”

நான் அவனுக்குத் தெரியும் என்று இருந்தேன். இருவரும் ரெலிபோனைப் பிடித்தபடி ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை. அரபு மீம் எழுத்தில் தொடங்கும் என்கிறான் அவன். எனக்கு அதுகூட நிச்சயமில்லை.