மூன்றாவது விசில்

தையல்காரம்மாவின் கணவர் விடிந்ததும் நண்பர்களோடு சாலையில் ஓடப் போவார். அந்த நேரத்தில் அவள் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். மூன்றாவது விசில் வந்தால் ஓட்டம் முடிந்தது. இப்படியே இரண்டு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓடும் பத்து கிலோமீட்டரைத் தானும் ஓடப்போவதாக ஒருநாள் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு விசிலுக்கு மேல உனக்கு மூச்சு இருக்குமா? உன்னை யாரு துரத்துறாங்க?"

"யாரும் துரத்தல. எனக்கு ஓடணும், ஓடுறேன். மூணு விசில் கணக்கு குக்கருக்குத்தான், எனக்கில்ல."

ஞாயிறு காலை அவர் ஷூவைத் தேடும்போதே அவள் வாசலில் நின்றாள். அடுப்பில் முதல் விசில் அடித்தது.

"இன்னும் ரெண்டு இருக்கு. அணைச்சிட்டு வாங்க, முடிஞ்சா என்னைப் பிடிங்க!"

சொல்லிவிட்டுச் சாலையில் இறங்கி ஓடத் தொடங்கினாள்.