என் மனைவி பிள்ளையைத் தூக்காத நாட்கள்

எங்கள் முதல் பிள்ளை பிறந்தபோது பினாங்கில் வண்ணாத்துறைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். என் மனைவி ஊரிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பிரசவத்துக்குத் தாயோ கூடப்பிறந்தவளோ பக்கத்தில் இல்லை. மருத்துவச்சி வந்து போனதோடு சரி.

பத்தாம் நாளிலிருந்து அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பிள்ளை வீறிட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். மடியில் கொண்டுபோய் வைத்தால் கைகளை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

டின் பாலை வெந்நீரில் கரைத்துச் சங்கில் ஊட்டினேன். பாதி கடைவாயில் வழிந்தது. எனக்குக் காய்ச்சல் என்று வேலைக்குச் சொல்லி அனுப்பினேன். ஞானஸ்நானம் எப்போது என்று மாதா கோயிலில் கேட்டவர்களிடம் அவளுக்குக் காய்ச்சல் என்றேன். பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடுமே என்ற பயம். என்ன செய்கிறது என்று அவளிடமும் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என்ன சொல்லுவாளோ என்று அதற்கும் பயம்.

ஒரு காலையில் பிள்ளைக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை. தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை. அடுத்த வீட்டுச் சலவைக்காரர் மனைவி துணி மூட்டையோடு வந்தவர் நின்றார். அவருக்கும் கைக்குழந்தை இருந்தது.

"தங்கச்சிக்கு இன்னும் காய்ச்சல் விடலையா தம்பி?"

"காய்ச்சல் இல்லக்கா," என்றேன். தெருவில் நின்று அழுதேன்.

அவர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கினார். உள்ளே போய்ப் பால் கொடுத்தபடியே பேசினார்.

"மூத்தவன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான். மூணு மாசம் யாருகிட்டயும் சொல்லல. தங்கச்சிகிட்ட என்ன பண்ணுதுன்னு கேட்டீங்களா?"

"இல்லக்கா."

"கேளுங்க. பதில் வராட்டியும் கேளுங்க."

அன்று மாலை கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "தூக்குனா கீழ போட்டுருவேனோன்னு இருக்கு. அதான் கிட்ட போகல."

பிள்ளையை வெறுக்கிறாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா போய்ச் சொல்லி, மறுநாளிலிருந்து மாதா கோயில் பெண்கள் இருவர் முறைபோட்டு வந்தார்கள். எதிர்க்கடைச் சீனத்தியம்மாள் இஞ்சி போட்ட கோழிச்சாறு கொடுத்தனுப்பினாள். பைத்தியம் என்று நான் பயந்த சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அக்கா பால் கொடுக்கும்போது என் மனைவி முதலில் தள்ளி உட்கார்ந்தாள், பிறகு பக்கத்தில், ஒருநாள் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நான்காம் மாதம் ஞானஸ்நானத்துக்கு அவளே தூக்கி வந்தாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் சில காலைகளில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வீட்டுக்குப் போய், "இன்னைக்கு அவளுக்கு முடியலக்கா," என்று சொல்லிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.