செல்வி சிரித்த நாள்

போன வாரம் தேரடித் தெருக் கடையில் தம்பி மகளுக்கு ஒரு வாசனை ரப்பர் வாங்கினேன். வாங்கியதும் மோந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஐம்பதைத் தொடப்போகிறவள் ரப்பரை மோந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அம்மா பாலை விரலில் தொட்டுப் பார்ப்பாள். புளியைப் பிரித்துக் கொட்டையைத் தேடுவாள். நான் ஸ்பெஷல் கிளாஸ் என்றால், எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று வாசலில் நின்று பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதே மணத்தில் ஒரு ரப்பர் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் இருந்தது. சித்தப்பா மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது. யாரையும் தொட விடமாட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கம், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் அவளுக்குக் கணக்கு போய்விட்டது. அவள் அப்பா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள், ஒரு காலையில் தலை பின்னிப் பூ வைத்து, சிரித்துக்கொண்டே வந்தாள். ரப்பரை என் கையில் வைத்து, "நீயே வச்சுக்கடி, எனக்கு இனிமே எதுக்கு?" என்றாள். நல்ல தாவணியையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டாளாம்.

எனக்குச் சந்தோஷம்தான். அம்மாவுக்கு இல்லை. "ஃபெயிலான பொண்ணு எதுக்குடி சிரிக்குது?" என்று கையிலிருந்த கரண்டியோடு அவர்கள் வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"செல்வி, அத்தைகிட்ட மறைக்காம சொல்லு. செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அவள் அப்பா பதறினார். "இன்னா இப்படிக் கேக்கறீங்க! கேட்டா இல்லாத நெனப்பும் வந்துடும்."

"கேக்காம உட்டாதாங்க பயம்."

செல்வியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. பிறகு "ஆமா அத்தே" என்றாள். அவள் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மார்க்கு கெடக்குது, நீ இரும்மா" என்பதற்குள் அவருக்கே அழுகை வந்துவிட்டது.

அன்று முழுக்க அவளைத் தனியாக விடவில்லை. மறுநாள் அவள் அப்பாவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு அப்பாவையும் உட்காரவைத்துப் பேசினார். வாராவாரம் போனார்கள். "பொண்ணுக்கு இன்னாவாம்?" என்று கேட்டவர்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. "மனசு சரியில்ல, வைத்தியம் பாக்கறோம்" என்றே சொன்னார்.

அக்டோபரில் மறுபடி எழுதியபோதும் கணக்கு போய்விட்டது. அன்று செல்வி தெருவே கேட்கிற மாதிரி ஓவென்று அழுதாள். அம்மா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "இது சரியான அழுகை" என்று உலை வைக்கப் போனாள். அடுத்த தடவை பாஸ். இப்போது செல்வி ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

நாங்கள் இருந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்துக்காக அங்கே லாட்ஜுகள் எழும்பிவிட்டன. அடைத்த கதவுகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே ஒரு பிள்ளை காரணமில்லாமல் சிரித்தால், கரண்டியோடு நுழைந்து சந்தேகப்பட அந்தத் தெருவில் இப்போது யாரும் இல்லை.