வாத்து சுடும் துப்பாக்கி

எங்கள் பக்கம் அதை ரிமோட் என்றுதான் சொல்வார்கள். டிவி கேம் வாங்கினால் அதோடு வரும் இரண்டு கைப்பெட்டிகள். இடது பக்கம் சிலுவை மாதிரி ஒரு பட்டன், வலது பக்கம் இரண்டு சிவப்புப் பட்டன்கள். கன்ட்ரோலர் என்ற சரியான பெயர் என் காதில் விழுவதற்குள் நான் அதில் எத்தனையோ பிரித்து மாட்டி முடித்திருந்தேன்.

மாத்தளை டவுனில் என் வீட்டுக்காரர் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். குடியிருந்தது அலுவிகாரையில். காலையில் சமையலை முடித்துவிட்டு நானும் கடைக்கு வந்துவிடுவேன். யாராவது டிவி கேமைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் முகம் சுருங்கும். "இது வெளையாட்டுச் சாமான். நமக்கு வேணாம்" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தேடி வந்த மனுசனத் திருப்பி அனுப்புறதா? குடுங்க இங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே என்ன கோளாறு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இரண்டே வியாதி. ஒன்று, வயர் பெட்டிக்குள் நுழைகிற கழுத்தில் அறுந்திருக்கும். தோற்கிற பிள்ளை வயரைப் பிடித்துத்தானே இழுக்கும்! அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நிறம் பார்த்து ஒவ்வொரு கம்பியாக ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். மற்றது, பட்டனுக்கு அடியில் இருக்கிற ரப்பர். அதன் கறுப்புப் பொட்டு தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வேலை செய்யாது. அதற்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைப் பொட்டளவு வெட்டி, மினுங்குகிற பக்கம் வெளியே தெரிய ஒட்டினால் இன்னும் ஒரு வருடம் ஓடும். வீட்டுக்காரர் சிகரெட் பிடிக்கமாட்டார். பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரிடம் வெற்றுப் பெட்டிகளைச் சேர்த்துவைக்கச் சொல்லியிருந்தேன். "தங்கச்சி, ஒங்க வேலைக்காகவே நான் நெஞ்சக் கெடுத்துக்கிறேன்" என்று சிரிப்பார் மனுசன்.

ரிப்பேரோடு நான் நிற்கவில்லை. இடது கைக்காரப் பிள்ளைக்குப் பட்டன்களை இடம் மாற்றிக் கொடுத்தேன். டிவிக்குக் கிட்ட உட்கார்ந்தால் கண் கெட்டுப்போகும் என்று பயந்த, யட்டவத்த ஊர்த் தாய் ஒருத்திக்கு இரண்டு மடங்கு நீளமான வயர் போட்டுக் கொடுத்தேன். இப்படி மாற்றி மாற்றிச் செய்ததில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை மறைக்கப் போவதில்லை. நடந்தது எல்லாம் அதனால்தான்.

சில டிவி கேம்களோடு ஒரு துப்பாக்கியும் வரும். டிவியில் வாத்து பறக்கும், நாம் சுட வேண்டும். குழாயின் முனையில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடிக்கிற ஒரு துளிச் சாமான், ஒரு ஸ்பிரிங், ஒரு சுவிட்ச். அவ்வளவுதான். நாவுலவிலிருந்து ஒரு ஆசிரியர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். வெயில் பட்டு வெளிறிப்போன சாம்பல் நிறம். உள்ளே அந்தத் துளிச் சாமானின் ஒரு காலில் ஈயம் விட்டிருந்தது, ஐந்து நிமிட வேலை. போகும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "பார்க்கக் கொஞ்சம் நல்லா செஞ்சு தாங்க. மகனுக்குப் பிறந்தநாள்."

போதாதா எனக்கு? சைக்கிளுக்கு அடித்த கறுப்பு பெயின்ட் மிச்சமிருந்தது. இரண்டு கோட் அடித்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் இறகு மாதிரி லேசாக இருந்தது, மனசு ஆறவில்லை. பிடியைப் பிரித்து உள்ளே மூன்று இரும்பு நட்டுகளைப் பசை வைத்து ஒட்டினேன். இப்போது கையில் நின்றது. நானாவிடம் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போய், "யா அல்லா, தூர வைங்க தங்கச்சி!" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு தமிழச்சி செய்கிற காரியமா அது? இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல் இருக்கிறது.

ஏனென்றால் அது யுத்தக் காலம், அப்போது எங்கள் ஆட்கள் அடையாள அட்டை இல்லாமல் வாசலுக்குக்கூடப் போகமாட்டார்கள். நாவுல ரோட்டில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. என் வீட்டுக்காரர் வீடுகளுக்குப் போய் டிவி ரிப்பேர் பார்க்கிறவர். வயரும் பேட்டரியும் சர்க்கிட் போர்டுமாக ஒரு தமிழனின் பை இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பைக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் சிங்களத்தில் ஒரு தாளில் வரிசையாக எழுதி, பை மூடியின் உட்பக்கம் ஒட்டியிருப்பார். சாவடியில் கேட்பதற்கு முன்பே மூடியைத் திறந்துவிடுவார். சிப்பாய் பட்டியலைப் படித்து, சாமானை எண்ணி, சரி போ என்பான். பட்டியலில் இல்லாத ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட அந்தப் பைக்குள் போகாது.

அன்று காலையில் அவர் நாவுலவுக்கு ஒரு டிவி பார்க்கப் புறப்பட்டார். "அப்படியே ஆசிரியர் வீட்ல இந்தத் துப்பாக்கியக் குடுத்திருங்க. இன்னைக்கித்தான் பிறந்தநாள், தர்றேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"நான் டிவி மெக்கானிக். பொம்ம தூக்குறவன் இல்ல" என்றார்.

"அப்ப என் வேல வேல இல்ல, அப்படித்தானே?"

"அத நான் சொன்னனா?"

சண்டை வளர்ந்தது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் துப்பாக்கியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, சணல் கட்டி, ஆசிரியரின் பெயரை மேலே எழுதி, பையின் அடியில் செருகினேன். நாவுலவுக்குப் போய்ப் பையைத் திறந்தால் பார்ப்பார், வேறு வழியில்லாமல் கொடுப்பார் என்பது என் கணக்கு. சாவடி ஞாபகமே வரவில்லை. கோபத்தில் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் பேசாமலே போனார்.

அவர் ஏறிப் போன பஸ் மத்தியானம் திரும்பி வந்தபோது, அதன் கண்டக்டர் கடை வாசலில் இறங்கி ஓடிவந்தான். "அக்கா, அண்ணன சாவடியில எறக்கிட்டாங்க. பையில துப்பாக்கி இருந்திச்சாம்!"

அப்படி இறக்கப்பட்டவர்களைப் பற்றி நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். சாவடியில் இருக்கும்வரை ஆள் எங்கே என்று தெரியும். அங்கிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் எங்கே போய்க் கேட்பது, யாரைக் கேட்பது?

நான் அழுதுகொண்டு நிற்கவில்லை. கடையில் சோதித்துப் பார்க்க வைத்திருந்த டிவி கேமைத் தூக்கிக்கொண்டு நானாவின் முன்னால் போய் நின்றேன். அவருக்கும் பயம்தான், முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கடையைப் பாதியில் மூடிவிட்டு வேன் சாவியை எடுத்தார். வழியெல்லாம் அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. நான் என் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சாவடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வீட்டுக்காரர் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அடித்திருக்கிறார்களா என்று முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். இல்லை. மேசைமேல் என் துப்பாக்கி கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அது நிஜமாகத்தான் தெரிந்தது. அதிகாரி நடுத்தர வயதுக்காரர், கத்தவில்லை. எல்லாம் சிங்களத்தில்தான் கேட்டார். நாலு மணிக்கு ஜீப் வரும், அதில் இவரை அனுப்ப வேண்டும் என்றார். ஆசிரியர் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார்களாம், வீடு பூட்டிக் கிடந்ததாம்.

"இதைப் பைக்குள் வைத்தது யார்?"

"நான்தான் மாத்தயா. அவருக்கு ஒன்னுமே தெரியாது" என்றேன்.

அதிகாரி ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "தானே வைத்ததாக உன் புருஷன் எழுதிக் கொடுத்திருக்கிறான். மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். உங்களில் ஒருத்தர் பொய் சொல்கிறீர்கள்."

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்ற வந்த நான், அவரைப் பொய்யனாக்கி நிற்கிறேன்.

"மாத்தயா, யார் வச்சதுன்னு அப்புறம் பாருங்க. இது என்ன சாமான்னு மொதல்ல காட்டுறேன்" என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். வீட்டுக்காரரின் பையிலிருந்தே ஒன்றைக் கொடுத்தார்கள். பிரித்தேன். ஸ்பிரிங்கைக் காட்டினேன், சுவிட்சைக் காட்டினேன், கண்ணாடியைக் காட்டினேன். அதிகாரியின் விரல் நட்டுகள்மேல் நின்றது.

"இது எதற்கு?"

"பாரத்துக்கு, மாத்தயா."

"பாரம் எதற்கு?"

"நிஜம் மாதிரி இருக்கணும்னு நான்தான் வச்சேன்."

நானா மெல்ல என் பக்கத்திலிருந்து நகர்ந்தார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

சிப்பாய்கள் கிரிக்கெட் பார்க்கிற டிவி ஒன்று மூலையில் இருந்தது. கேமை அதில் மாட்டினேன், துப்பாக்கியை மூடிச் செருகினேன். படம் வந்தது. வாத்து பறந்தது. சுட்டேன், விழவில்லை. மறுபடி சுட்டேன், விழவில்லை. அப்போதுதான் உறைத்தது, நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் இந்த விளையாட்டை விளையாடியதில்லை! துப்பாக்கியை பல்புக்கு நேரே பிடித்து, சிக்னல் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். ரிப்பேர் தெரியும், சுடத் தெரியாது. வாத்துகள் என்னைக் கேலி செய்வதுபோல் பறந்துகொண்டே இருந்தன. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போது வாங்கிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. சிங்களத்திலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "தூர நின்னு சுடாத. கிட்டப் போ, குழாய டிவி கண்ணாடியில ஒட்டு. வாத்து மேல ஏறும்போது சுடு."

ஒட்டிவைத்துச் சுட்டேன். வாத்து தொப்பென்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பின்னால் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான், பிறகு இன்னொருவன். "எனக்குக் கொடு" என்று ஒருவன் வந்து என் கையிலிருந்து வாங்கி, பறந்ததையெல்லாம் வரிசையாகச் சுட்டுத் தள்ளினான். அதிகாரியின் மீசைகூட அசைந்தது. எனக்கோ ஒரே யோசனை. வெளையாட்டுச் சாமான் என்று முகம் சுருக்குகிற மனுசனுக்கு, வாத்து மேலே ஏறும்போதுதான் சுட வேண்டும் என்று எப்படித் தெரியும்? நான் இல்லாத நேரத்தில் கடையில் இதுதான் நடந்திருக்கிறது!

துப்பாக்கியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்து, "இனிமேல் இப்படி ஒன்று செய்தால் இன்னொரு இடத்தில் காட்ட வேண்டியிருக்கும்" என்றார். ஜீப் வருவதற்குள் நாங்கள் வேனில் இருந்தோம். அதன்பிறகு என்னிடம் வந்த எந்தத் துப்பாக்கியையும் துப்பாக்கியாக நான் திருப்பிக் கொடுத்ததில்லை. உள்ளே இருப்பதை எடுத்து டார்ச் லைட் கூட்டுக்குள் பொருத்திக் கொடுப்பேன். டார்ச்சால் வாத்து சுடுவதா என்று பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும்.

வேனில் என் பக்கத்தில் இருந்த அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை போல் இருந்தது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், சிப்பாய்கள் கலைத்துப்போட்ட அவருடைய பையைத் திறந்து சாமான்களை அடுக்கினேன். மூடியின் உட்பக்கம் அந்தப் பட்டியல். எல்லா வரியும் எனக்கு மனப்பாடம். கடைசி வரியைத் தவிர. அவருடைய அதே கையெழுத்து, ஆனால் வேறு நிற மை, எழுத்து கோணல் மாணலாக ஆடியிருந்தது: பிள்ளைகள் விளையாடும் துப்பாக்கி, ஒன்று.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பையத் தூக்குனப்பவே பாரம் தெரிஞ்சிச்சி."

"தெரிஞ்சுமா கொண்டு போனீங்க? எடுத்து வச்சிட்டுப் போயிருக்கலாமே!"

"நீதான் தர்றேன்னு சொல்லிட்டியே அந்த மனுசன்கிட்ட."

அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்துபோய், நானா முன்னால் இருக்கிறார் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடுத்த தடவ சொல்லிட்டு வையி" என்றார். "எங்கிட்ட பேனா இருக்கல. கண்டக்டர்கிட்ட வாங்கி, ஓடுற பஸ்ல எழுதினேன்."